டீசல் மூடியும் ஐந்து வகைச் சோறும்

அரைகுறையாகப் படித்தவனை நம்பிக்கூட வண்டியைக் கொடுக்கலாம். முழுதாகப் படித்து, முதல் வகுப்பில் தேறி, சான்றிதழின் மை காயாமல் இருக்கிறவனிடம் மட்டும் கொடுக்கவே கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படிப்பட்ட ஒருவனாக நானே ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன்.

இன்றைக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கிறது. மலையேறி வருகிற வண்டிகளில் பாதி வரும்போதே மூச்சு வாங்கும். அந்தப் பாதியில் கொஞ்சம் என்னிடம் வரும். பிழைப்பு ஓடுகிறது. கடைச் சுவரில் என்னுடைய டீசல் மெக்கானிக் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு பழைய டீசல் டேங்க் மூடி ஆணியில் தொங்கும். மூடியின் நடுவில் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். வருகிறவர்கள் திருஷ்டிக்கு மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். (ஒருத்தர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தடுக்கவில்லை.)

அந்த மூடியின் கதைதான் இது. நடந்து பதினாறு வருஷம் ஆகிறது.

அப்போது எங்கள் குடும்பம் பூம்பாறைப் பக்கம் பூண்டும் கேரட்டும் போட்டுக்கொண்டிருந்தது. எங்களிடம் ஒரு டீசல் பிக்கப் இருந்தது. ஓர் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்ததை அப்பா வாங்கி வந்திருந்தார். வயதில் எனக்கு மூத்தது. இடது கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. வலது கதவை வெளியேயிருந்து திறக்க முடியாது. டீசல் முள்ளுக்கு மட்டும் மிக நல்ல மனசு. டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும், 'கவலைப்படாதே, பாதி இருக்கிறது' என்றே காட்டும்.

அதனால் அப்பா சீட்டுக்கு அடியில் ஒரு தைலமரக் குச்சி வைத்திருந்தார். வண்டி லேசாக இருமினால் போதும். இறங்குவார், டேங்க் மூடியைத் திறப்பார், குச்சியை விட்டு எடுப்பார், ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார், துடைத்து மறுபடி சீட்டுக்கு அடியில் வைப்பார். டீசல் தீர்ந்துபோவதைத் தவிர ஒரு வண்டிக்கு வேறு எந்த நோயும் வரக்கூடும் என்று அவர் நம்பியதே இல்லை. திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. முடித்து வந்திருந்த எனக்கு அந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் அவமானமாக இருக்கும்.

என் அக்கா செல்வியைப் பாச்சலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். காபியும் மிளகும் வாழையும் போட்ட நல்ல குடும்பம். அக்காவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. தாய்வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அதுதான் முறை. ஆனால் அக்காவின் மாமியார் தயங்கினார். காரணம் எங்கள் வண்டி. மறுவீட்டுக்கு அழைத்துப்போன அன்று அது ஒரு வளைவில் இரண்டு மணி நேரம் நின்றதை அவர் மறக்கவில்லை.

அக்கா போனில் சொன்னாள்.

"ஏலே முருகேசா, அத்தை கண்டிசனா சொல்லிட்டாங்க. வளைகாப்பு நேரத்துக்கு அந்த வண்டி ஒழுங்கா வந்து நின்னாத்தான் அனுப்புவாங்களாம். இல்லேன்னா பிரசவம் இங்கனயேதானாம். புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டு நடு மலையில நின்னா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க."

"கேக்கட்டும். நான் எதுக்கு டீசல் மெக்கானிக் படிச்சேன்?"

"வெளையாடாதலே. எனக்கு அம்மா கையால ரசஞ்சோறு தின்னுட்டு நம்ம வீட்டுல தூங்கணும்போல கெடக்கு. இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுறாங்க. ஆனா பயமா இருக்குலே. அப்புறம், அந்த டீசல் வாடை. நெனச்சாலே எனக்குக் கொமட்டுது. அதையும் பாத்துக்க."

அக்கா பயந்து நான் கேட்டதில்லை. மாட்டையும் பாம்பையும் விரட்டுகிறவள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: இந்த வண்டியை மணக்க மணக்க ஓடவைக்கிறேன், பார்.

டீசல் வாடைக்குக் காரணம் டேங்க் மூடி. உள்ளே இருந்த ரப்பர் எப்போதோ போய்விட்டது. டேங்க் நிறைந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தளும்பி வழியும். போன மாதம்தான் வடுகபட்டிச் சந்தையில் வியாபாரி ஒருவர் எங்கள் பூண்டு மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, "இது பூண்டா, பெட்ரோல் பங்கா?" என்று கேட்டிருந்தார். இந்த லட்சணத்தில் புளியோதரையையும் தேங்காய்ச் சோற்றையும் ஏற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அம்மாவும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முதல்நாள் மூடியைக் கழற்றி உட்கார்ந்தேன். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூன்று அடுக்கு ரப்பர் போட்டேன். அப்போதுதான் மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருப்பதைப் பார்த்தேன். துருப்பிடித்து விழுந்த ஓட்டை என்று என் படிப்பு சொன்னது. அதன்மேல் பஞ்சர் பசை தடவி, ஒரு துண்டு ரப்பரை வைத்து, கட்டைவிரலால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். ஒரு சொட்டு வெளியே வராது. ஒரு துளி வாடை வராது. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றாள்.

(அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.)

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். அப்பா ஓட்டினார். நடுவில் அம்மா. ஜன்னலோரம் நான், மடியில் ஸ்பேனர் பையோடு. பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் வாழையிலை போட்டு மூடிய ஐந்து குண்டான்கள், வளையல் தட்டு, நான்கைந்து சொந்தக்காரப் பெண்கள். நான் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கொடைக்கானலில் டேங்கை விளிம்புவரை நிரப்பச் சொன்னேன். மூடியை நானே இறுக்கினேன். ஏழரை மணி. நல்ல நேரம் பன்னிரண்டோடு முடிகிறது. தாராளமான நேரம்.

பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி லேசாக உதறியது. அப்புறம் விட்டுவிட்டு இழுத்தது. அப்புறம் நான்கு பேர் ஒரே நேரத்தில் இருமுகிற மாதிரி குலுங்கி நின்றது.

"மிஸ்ஸிங்" என்றேன். இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவதற்கு எங்கள் பாடத்தில் அதுதான் பேர். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. படித்து முடித்தபின் கையில் கிடைத்த முதல் நோயாளி.

பானட்டைத் திறந்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். ஒரு கைப்பிடித் தூசு விழுந்தது. "பாத்தீங்களா? மூச்சு அடச்சிருக்கு" என்று அம்மாவிடம் காட்டினேன். இந்த நேரத்தில் அப்பா தன் குச்சியோடு இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடச் சிரமப்பட்டுத்தான் திறந்தார்.

"அப்பா, இப்பத்தான டேங்க் ரொப்புனோம்? குச்சிய வச்சுட்டு வாங்க. மூடிய நல்லா இறுக்குங்க, வாடை வரும்" என்றேன். அவர் திருகியது எனக்குத் திருப்தியாக இல்லை. நானே போய் இரண்டு கையாலும் இறுக்கினேன்.

அப்பா சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே அடியில் பிடித்தது. பின்னாலிருந்து பெரியம்மா, "எங்க முருகேசனுக்குக் கைராசிடி" என்று சத்தமாகச் சொன்னார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அந்த அடக்கம் பண்ணைக்காடு பிரிவுவரை தாங்கியது. அதைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் மறுபடியும் அதே உதறல், அதே இருமல். இந்த முறை டீசல் ஃபில்டர் என்று தீர்ப்புச் சொன்னேன். முன்யோசனையாகப் புது ஃபில்டர் வாங்கி வைத்திருந்தேன். மாற்றினேன். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றக் கைப் பம்பை நூறு தடவை அடித்தேன். முழங்கைவரை டீசல். அப்பா அதற்குள் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு வந்து, "டீசல் நெறையக் கெடக்கு" என்றார். கிடக்காமல் எங்கே போகும்? எரிச்சலோடு போய் மூடியை இறுக்கினேன். வண்டி கிளம்பியது. பூப்போல ஓடியது.

"ஃபில்டர்தான்" என்றேன். "அந்த ஏர் ஃபில்டர் சும்மா ஒரு துணைக் காரணம்."

அம்மா கையில் கட்டியிருந்த வாட்சை மட்டும் பார்த்தாள்.

தாண்டிக்குடிக்கு முன்னால் மூன்றாவது முறை நின்றபோது எனக்கு வியர்த்தது. அந்தக் குளிரிலும் வியர்த்தது. மணி பத்தரை. போனில் சிக்னல் இல்லை. பின்னாலிருந்து இப்போது கைராசி பற்றிப் பேச்சே இல்லை. "குண்டான்ல தயிர்ச்சோறு புளிக்கும்" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

இனி இன்ஜெக்டர் பரிசோதனை என்றேன். இது நாங்கள் படித்ததிலேயே கம்பீரமான பாடம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகிற குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. மாறாவிட்டால் அதுதான் படுத்துக்கொண்ட சிலிண்டர். நான் ஸ்பேனரை எடுத்துவருவதற்குள் அப்பா வழக்கம்போல் குச்சி வேலையை முடித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஒன்றைத் தளர்த்தினேன். பீய்ச்சி அடித்தது. சத்தம் மாறியது. நல்ல சிலிண்டர். இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் நல்ல சிலிண்டர். என் வெள்ளைச் சட்டையில் நான்கு திசையிலும் டீசல்.

இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டி நிற்கிறது. டாக்டர் வந்ததும் காய்ச்சல் ஓடிப்போகிற குழந்தையைப் போல, நான் பானட்டைத் திறந்தால் அது குணமாகிவிடுகிறது.

"மலைல காத்து கம்மிம்மா. ஆக்சிசன் பத்தல. அதான் இன்ஜின் திணறுது" என்றேன். கடைசியாகக் கைவசம் இருந்த பாடம் அது.

"ஏலே, இது பொறந்ததுலருந்து இந்த மலையிலதான ஓடிக்கிட்டுக் கெடக்கு? இன்னைக்குத்தான் காத்து கம்மியாப் போச்சா?" என்றாள் அம்மா.

மூடியை இறுக்கிவிட்டு ஏறினேன்.

நான்காவது முறை தாண்டிக்குடியைத் தாண்டி ஒரு காபித் தோட்டத்து வளைவில் நின்றது. இந்த முறை நான் இறங்கவே இல்லை. ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கண்ணில் தண்ணீர் நின்றது. சேலையால் வயிற்றைப் போர்த்திக்கொண்டு அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எதற்கு மெக்கானிக் படித்தேன் என்று அவளிடம் வாய் கிழியக் கேட்டவன் நான்.

அம்மா இறங்கி, குண்டான்களைப் பார்க்கப் பின்பக்கம் போனாள். அப்பா குச்சியோடு டேங்குக்குப் போனார். மூடியைத் திருகி இழுத்தார். புஸ்ஸ்ஸ் என்று ஒரு நீளமான சத்தம். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அது என்ன சத்தம்?"

"மூடி தொறக்குற சத்தம்."

"எண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா இப்படித்தான முக்கும். எதுத்தாப்புல இன்னொரு ஓட்ட போட்டாத்தான எண்ணெ எறங்கும்?" என்று மூடியை வாங்கிப் பார்த்தாள். வெளிப்புறம் பார்த்தாள், உட்புறம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, காத்துப் போறதுக்கு இதுல ஓட்ட எங்க?"

நான் இறங்கிப் போனேன்.

"அத நான் அடச்சுட்டேன்மா."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வர வழியில்லாமல் நான் அடைத்திருக்கிறேன். விளிம்புவரை நிரப்பிய டேங்கில் இருந்த கொஞ்சம் காற்றும் தீர்ந்ததும் டீசல் இன்ஜினுக்குப் போக மறுக்கிறது. அப்பா குச்சி விட மூடியைத் திறக்கிறார், காற்று உள்ளே பாய்கிறது, வண்டி பிழைக்கிறது. நான் ஓடிப்போய் மறுபடி அதன் கழுத்தை நெரிக்கிறேன். காலையிலிருந்து வண்டியை நான்கு முறையும் குணமாக்கியது அந்தத் தைலமரக் குச்சி. பாராட்டு வாங்கியது நான்.

அம்மா தன் ஜாக்கெட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, என் பஞ்சர் வேலையின் நடுவில் குத்தித் திருகினாள். "இம்புட்டுத்தான் சோலி. வெரசா ஏறுங்க" என்றாள். ஊக்கை அப்படியே விட்டுவிட்டாள், ஓட்டை திரும்ப அடைத்துக்கொள்ளாமல் இருக்க.

வண்டியில் ஏறும்போது அப்பா மெதுவாகச் சொன்னார். "மொதத் தடவையே அந்தப் புஸ்ஸுச் சத்தம் கேட்டுச்சு தம்பி."

"அப்பவே சொல்லியிருக்கலாமுல்லப்பா?"

"நீ படிச்சவன், ஒனக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."

குத்திக்காட்டவில்லை அவர். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

அதன்பிறகு வண்டி ஒரு முறைகூட இருமவில்லை. பாச்சலூரில் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால். நேரம் முடிவதற்குள் தங்கள் பக்கத்து ஆட்களே வளையல் போட்டுவிடலாம் என்று அங்கே பேச்சு எழுந்திருந்தது. மணையில் உட்கார வேண்டிய அக்காவைக் காணோம். அவள் பதினொரு மணியிலிருந்து பாத்ரூம் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிடும்போதெல்லாம், "இதோ, ஒரு நிமிசம்" என்று எழுந்து போய்விடுவாள். ஏழு மாதக்காரி போகிறேன் என்றால் யார் மறிப்பது? எங்கள் வண்டியின் சத்தம் கேட்டதும் ஐந்தாவது முறையாக வெளியே வந்தாள்.

அம்மாதான் முதல் வளையலைப் போட்டாள். நான் வளையல் தட்டோடு கிட்டே போனதும் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே, டீசல்லயா குளிச்ச?"

சோற்றில் வாடை இல்லை. தார்ப்பாயில் வாடை இல்லை. ஐந்து குண்டான்களையும் காப்பாற்றிவிட்டு மொத்த வாடையையும் நான் சட்டையில் சுமந்து வந்திருந்தேன். அக்கா சிரித்தாள். புது வளையல்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு மட்டும் காபி காயப்போடும் களத்தில் தனியாக இலை போட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாமியார் எங்கள் முன்னால் வந்து நின்றார். என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன தடவ நின்னுச்சு சம்பந்தி?"

அப்பாவுக்குப் பொய் வராது. "நாலு தடவ" என்றார். அக்காவின் முகம் செத்துவிட்டது.

அம்மா குறுக்கே வந்தாள். மூடி, ரப்பர், பஞ்சர் பசை, எண்ணெய் டின், ஊக்கு, வண்டியில் ஏறும்போது அப்பா சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பெற்ற மகன் என்று கொஞ்சம்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் மாமியார் முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப வண்டியில ஒரு கொறையும் இல்ல. கொறை எல்லாம் இவன்தான்?"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"சரி, என் மருமகளக் கூட்டிட்டுப் போங்க. ஒரே ஒரு கண்டிசன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இந்தத் தம்பி வண்டியத் தொடக் கூடாது."

அப்படித்தான் என் அக்கா தாய்வீட்டுக்கு வந்தாள். முன்சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்து வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் காலிக் குண்டான்களோடு, ஸ்பேனர் பையைப் பெரியம்மாவிடம் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்து வந்தேன். அவ்வளவு நிம்மதியான பயணம் எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

அப்பா புது மூடி வாங்கினார். பழையதை ஊக்கோடு சேர்த்து என் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியவரும் அவர்தான். "ரெண்டும் நீ சம்பாதிச்சதுதான" என்றார். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. பிக்கப்பை அதற்கு முன்பே கொடுத்துவிட்டோம். குச்சி மட்டும் என்னிடம் இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் பானட்டில் கை வைக்குமுன் ஓட்டிவந்தவரிடம் கேட்பேன்: "என்ன சத்தம் கேட்டுச்சு? சின்னச் சத்தமா இருந்தாலும் சொல்லுங்க." என்னைவிட நல்ல மெக்கானிக்குகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக இவ்வளவு நேரம் காத்திருப்பவன் நான் ஒருத்தன்தான் என்று பேர்.

போன மாதம் அக்கா குடும்பத்தோடு காரில் வந்தாள். அன்று வயிற்றில் இருந்த பெண் இப்போது பத்தாம் வகுப்பு. கார் ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது என்றார் மச்சான். நான் ஜன்னலோரம் குனிந்து, பின்சீட்டில் இருந்த அக்காவின் மாமியாரிடம், "வர்றப்ப எதுவும் சத்தம் கேட்டுச்சா அத்தை?" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சுவரில் தொங்கும் மூடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ படிச்சவன், ஒனக்குத் தெரியாதா?"

காருக்குள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், கார் டேங்கைத் திறந்து பார்க்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமாகவே திரும்பி நின்றுகொண்டேன்.